காற்று இணைக்காத பெட்டிகள்

கோக்‌ஷெடாவ்,
பிப்ரவரி 3

வீட்டுத் தலைவர் கைரொல்லா அவர்களுக்கு ஜவ்ரேஷ் எழுதுவது.

சுகமா என்று கேட்டால் எதற்குக் கேட்கிறாய் என்பீர்கள். அதனால் கேட்காமல் விடுகிறேன். போனில் பேசாதே, எதுவானாலும் எழுத்தில் அனுப்பு, அப்போதுதான் பிறகு மாற்றிப் பேச முடியாது என்று சொன்னீர்கள். நான் அக்கா வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதோ, எழுத்தில் அனுப்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். குளிர்தான் ஆளைக் கடிக்கிறது. அத்தான் காலையில் காரைக் கிளப்ப ஒரு கெட்டில் வெந்நீரும் ஒரு கூடை வசவும் செலவழிக்கிறார்.

சிரிக்கக் கூடாது. உங்கள் ரயில் விளையாட்டை நானும் வாங்கிவிட்டேன். அத்தானின் பழைய கணினியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுகிறது. எட்டு வருஷம் உங்கள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகுக்கு அந்தப் பக்கம் என்னதான் இருந்தது என்று பார்க்க ஆசை வந்தது, அவ்வளவுதான்.

புதிதாக வருகிறவருக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி எஞ்சினும் கைச்செலவுக்குக் கொஞ்சம் பணமும் கொடுக்கிறார்கள். நான் மூன்று பெட்டி மரத்தை ஆலைக்குக் கொண்டுபோனேன். கூலி கொடுத்தார்கள். பிறகு டீசலுக்குப் பிடித்தார்கள், பெட்டியில் இடித்ததற்குப் பிடித்தார்கள், எஞ்சினைச் சூடாக்கியதற்கும் பிடித்தார்கள். கிளம்பும்போது கையில் இருந்ததுகூட இப்போது இல்லை. வேலைக்குப் போய் ஏழையான முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அக்கா வாசலில் நின்றுகொண்டு, "ஏன்டி, கடையில நாள் பூரா மாத்திரை எண்றே, வீட்டுக்கு வந்து பெட்டி எண்றியா? புருஷனை விட்டுட்டு வந்தவ அவன் வியாதிய மட்டும் கூட்டிட்டு வந்திருக்கே!" என்கிறாள்.

ஆரம்பத்தில் இதில் எப்படிப் பணம் பண்ணுவது? உங்களுக்குத் தெரியும். சொல்லுங்கள்.

இன்னொரு செய்தி. எங்கள் மருந்துக்கடை முதலாளி கெனாடி பாவ்லோவிச் கடையை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் என் பொறுப்பில் விடுவதாகச் சொல்கிறார். மாடி அறையும் சேர்த்து. அடுத்த மாதம் நவுரீஸ் பண்டிகைக்குள் பதில் வேண்டுமாம். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. கரகண்டாவுக்கு ரயில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அது எனக்கும் தெரியும்.

என்றும்,
ஜவ்ரேஷ்


கரகண்டா,
பிப்ரவரி 6

ஜவ்ரேஷுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். எதற்காக எழுதியிருக்கிறாய் என்று தெரியவில்லை. இன்னொரு தடவை படித்தேன், அப்போதும் தெரியவில்லை. அதனால்தான் சந்தேகம் கூடுகிறது.

நிலக்கரி ஏற்றிய கூட்ஸை நான் மலையேற்றிக்கொண்டிருந்தபோது சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கியவள் நீ. "ரயிலாம் ரயில்! வீட்ல ஒரு பொம்பளை இருக்கா. அவளும் டிக்கெட் வாங்கிட்டு ஏறினாத்தான் திரும்பிப் பாப்பீங்களா?" என்று கத்தினாய். எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. அப்படிப்பட்டவள் இன்று திடீரென்று அதே விளையாட்டில் காசு பண்ணுவது எப்படி என்று என்னிடம் கேட்கிறாள். நம்ப வேண்டுமாம்.

சரக்கு ரயில் பிரேக்கைப் பற்றி நான் நான்கு வருஷம் செய்த ஆய்வை, "ஒரு தடவ கண்ணுல பாத்துட்டுத் தர்றேன் தம்பி" என்று எங்கள் கல்லூரிச் செய்த்கசி வாங்கிக்கொண்டு போனது உனக்குத் தெரியும். திரும்பி வந்தபோது அட்டையில் என் பெயருக்கு மேலே அவர் பெயர். அவர் இன்று துறைத் தலைவர். நான் மாலை வகுப்புப் பிள்ளைகளின் கொட்டாவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அன்றிலிருந்து யாராவது அன்பாக எதையாவது கேட்டால் என் கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கிறது. வீட்டை விற்க என் சம்மதம் வேண்டுமா? அப்படியானால் நோட்டரியிடமிருந்து நேராகத் தாள் அனுப்பச் சொல். ரயிலைச் சுற்றிக்கொண்டு வராதே.

இதைக் கேட்பது நீதானா என்பதும் எனக்குத் தெரியாது. மாடி அறை வரைக்கும் கொடுக்கிற முதலாளி யார்? அவர் வீட்டில் விளையாடுகிறவர்கள் இருக்கிறார்களா?

கேட்டுவிட்டாய், அதனால் சொல்கிறேன். தெரிந்ததை மறைத்தேன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். புதியவர்கள் செய்கிற தப்பு தூரத்து வேலையை எடுப்பது. கூலி பெரிதாகத் தெரியும், கைக்கு ஒன்றும் வராது. நீ பெட்டிகளைப் பிரித்துக் கோர்க்கிற யார்டை விட்டு வெளியே போகாதே. ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குப் பெட்டி மாற்றுகிற ஷண்டிங் வேலைகளை மட்டும் எடு. சில்லறைதான் தருவார்கள், ஆனால் பிடித்தம் இருக்காது. பெட்டியை நெருங்கும்போது மனிதன் நடக்கிற வேகம் போதும். இடித்தால் கூலி போயிற்று. எஞ்சினை வெறுமனே ஓட்டாதே. போகிற இடத்தில் திரும்பி வரச் சுமை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பு. பணம் சேர்ந்ததும் பெரிய எஞ்சினுக்கு ஆசைப்படாமல் முதலில் நீளமான ரயிலுக்கான லைசென்ஸை வாங்கு.

இதற்கு மேல் சொல்வதாக இல்லை.

கைரொல்லா


கோக்‌ஷெடாவ்,
பிப்ரவரி 12

அன்புள்ள வீட்டுத் தலைவருக்கு,

உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி திட்டு, கால்வாசி ரயில். அந்தக் கால்வாசி பலித்துவிட்டது! ஒரு வாரமாக யார்டை விட்டு நகரவில்லை. எதிலும் இடிக்கவில்லை. பணம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. எஞ்சினைப் பின்னால் கொண்டுபோய்ப் பெட்டியில் மெதுவாகச் சேர்க்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வருகிறது பாருங்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தீர்களா? முன்னாலேயே என்னையும் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லியிருக்கலாம். பிளக் சுவரிலேயே இருந்திருக்கும்.

வீட்டை விற்க எனக்கு உத்தேசம் இல்லை. நோட்டரியும் இல்லை, தாளும் இல்லை. கெனாடி பாவ்லோவிச்சுக்கு எழுபத்தொரு வயது. என்னிடம் அவர் தனியாகச் சொல்கிற ரகசியமெல்லாம் மூல வியாதியைப் பற்றியது. அவர் வீட்டில் இருக்கும் ஒரே குழந்தை இரண்டு வயதுப் பேத்தி. எஞ்சினைக் கையில் கொடுத்தால் கடித்துப் பார்ப்பாள். போதுமா?

இந்த விளையாட்டில் ஒரே ரயிலை இரண்டு பேர் ஓட்டலாமாமே. முன்னால் ஒரு எஞ்சின் இழுக்க, பின்னால் ஒன்று தள்ள. ஞாயிற்றுக்கிழமை மாலை நான் இருப்பேன். அங்கே என் பெயர் 'மாத்திரை'. வாருங்கள். நீங்கள் முன்னால் இருங்கள், நான் பின்னாலிருந்து தள்ளுகிறேன். பேசக்கூட வேண்டாம், ஹாரன் அடித்தால் போதும்.

ஒரு சந்தேகம். சீக்கிரம் முடித்தால் போனஸ் என்கிறார்கள், எனக்கு ஒரு நாளும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு பெட்டியாக இறங்கி இறங்கி பிரேக்குக்கான காற்றுக்குழாயை மாட்டி வால்வைத் திறப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. இதற்கு ஏதாவது வழி உண்டா?

உங்கள்,
ஜவ்ரேஷ்


கரகண்டா,
பிப்ரவரி 17

ஜவ்ரேஷுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை என்று நினைத்திருப்பாய். வந்தேன். வேறு பெயரில் வந்தேன். கிடங்குக்குப் பின்னால் எஞ்சினை நிறுத்தி விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாத்திரை இருந்தது. கூடவே அதே யார்டில் 'பாவ்லோ' என்று ஒருவன். மாத்திரை போகும் தடத்துக்கெல்லாம் அவன் வருகிறான். இரண்டு பேரும் டீசல் பம்பின் அருகில் வெகுநேரம் நின்றீர்கள். பாவ்லோவிச்சுக்கு எழுபத்தொரு வயது என்று எழுதுகிறாய். எழுபத்தொரு வயதுக்காரர்கள் ரயில் ஓட்டக்கூடாது என்று சட்டம் இல்லையே.

நாற்காலி போட்டிருக்கலாம் என்கிறாய். நீ உட்கார்ந்திருப்பாய் என்பதற்கு என்ன சாட்சி? போய் ஒரு வருஷம் கழித்து யாரும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். நவுரீஸ் வந்தால் செய்த்கசிகூட என்னைக் கட்டிப்பிடித்து, பழசையெல்லாம் மறந்துவிடுவோம் தம்பி என்கிறார். எடுத்தவருக்கு மறப்பது சுலபம்.

நீ கேட்டதற்குப் பதில். காற்றுக்குழாய்களை மாட்டி நேரத்தை வீணாக்காதே. யார்டில் அனுபவசாலிகள் யாரும் மாட்டுவதில்லை. எஞ்சினின் பிரேக்கே பெட்டிகளை நிறுத்திவிடும். கோர்த்தவுடன் கிளம்பிவிடு. போனஸ் வரும்.

இனி யார்டிலேயே கிடக்கவும் தேவையில்லை. கல் குவாரிக்குப் போ. அங்கிருந்து துறைமுகத்துக்குச் சரளை போகும். எட்டுப் பெட்டிவரை புதியவருக்குக் கொடுப்பார்கள். கூலி நல்ல கூலி, போனஸும் சேர்ந்தால் ஒரே நடையில் லைசென்ஸ் வாங்கிவிடலாம்.

கைரொல்லா


கோக்‌ஷெடாவ்,
பிப்ரவரி 24

வீட்டுத் தலைவருக்கு,

கிடங்குக்குப் பின்னால் நின்ற எஞ்சின் நீங்கள்தானா? யாரோ புதியவர், விளக்கு போடத் தெரியாமல் தவிக்கிறார் என்று நினைத்துக் கையெல்லாம் ஆட்டினேன். பாவ்லோ யாரென்று எனக்குத் தெரியாது. டீசல் எங்கே பிடிப்பது என்று கேட்டான், காட்டினேன். டீசல் குழாயைப் பிடுங்காமலே எஞ்சினைக் கிளப்பிவிட்டான், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அதற்கு அபராதம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் காதல் கதை அதோடு முடிந்தது.

குவாரிக்குப் போய் வந்தேன். எட்டுப் பெட்டிச் சரளையும் பத்திரமாகத் துறைமுகம் சேர்ந்தது. நல்ல கூலி. லைசென்ஸ் வாங்கிவிட்டேன். அதற்கு நன்றி.

குவாரிப் பாதையில் போகிற ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு ஏதாவது இருக்கிறதா? போன கடிதத்தில் விட்டுப்போனது ஏதாவது? இருந்தால் எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

கெனாடி பாவ்லோவிச் இன்று மறுபடியும் கேட்டார். "என்னம்மா, சரியா இல்லையா? எனக்கு வயசாகுது, ஒப்பந்தத்துக்கு வயசாகக் கூடாது" என்றார். நவுரீஸ் வரைக்கும் பொறுங்கள் என்றேன்.

ஜவ்ரேஷ்


கரகண்டா,
மார்ச் 2

ஜவ்ரேஷுக்கு,

மாட்டிக்கொண்டாய்.

குவாரியிலிருந்து துறைமுகம் வரைக்கும் ஒரே இறக்கம். யார்டு சமதரை, அங்கே காற்று இல்லாமல் பெட்டிகளை எஞ்சினே நிறுத்தும். குவாரிப் பாதையில் அது நடக்காது. கல் ஏற்றிய எட்டுப் பெட்டிகள் காற்று இணைக்காமல் அந்தச் சரிவில் இறங்கினால், அவற்றில் ஒன்றின் பிரேக்கும் வேலை செய்யாது. அத்தனை எடையும் ஒரு குட்டி எஞ்சினைப் பின்னாலிருந்து தள்ளும். இரண்டாவது வளைவைத் தாண்டியவர் கிடையாது. எல்லாம் பள்ளத்தில் கிடக்கும். ரிப்பேருக்கே சேர்த்த பணம் முழுதும் போய்விடும். நான் பிரேக்கைப் படித்தவன். தெரிந்துதான் எழுதினேன். தெரிந்துதான் சரிவைப் பற்றி எழுதாமல் விட்டேன்.

உண்மையாகவே விளையாடுகிறவளாக இருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? பள்ளத்தில் விழுந்து, பணத்தைத் தொலைத்து, "என்ன மனுஷன்யா நீ!" என்று சண்டைக்கு வந்திருப்பாய். அந்தச் சண்டைக்குத்தான் நான் காத்திருந்தேன். வந்திருந்தால் நம்பியிருப்பேன். நீயோ பத்திரமாகச் சேர்ந்தது, நன்றி என்று எழுதுகிறாய். ஒன்று, நீ குவாரிக்குப் போகவே இல்லை. அல்லது அந்தச் சரிவில் வால்வைத் திறக்காமல் இறங்கக்கூடாது என்று தெரிந்த ஒருவன் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

எது? ஆரம்பத்திலிருந்து என்னிடம் உனக்கு என்ன வேண்டும்? இதற்கு நேரான பதில் எழுது.

கைரொல்லா


கோக்‌ஷெடாவ்,
மார்ச் 8

கைரொல்லாவுக்கு,

இன்று மகளிர் தினம். கடையில் அத்தனை பேருக்கும் கெனாடி பாவ்லோவிச் ஆளுக்கொரு டூலிப் பூ கொடுத்தார். எனக்குக் கொடுத்தது மஞ்சள். இதையும் எழுதிவிடுகிறேன், பிறகு வேறு யாரிடமிருந்தாவது தெரிந்துகொண்டு வருத்தப்பட வேண்டாம்.

வால்வைத் திறந்தது நான்தான்.

நீங்கள் சொன்னபடிதான் கோர்த்தேன். கிளம்பக் கைப்பிடியில் கையும் வைத்துவிட்டேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் பாதை கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இறங்குகிறது. எனக்கு பிரேக் தெரியாது. உங்களைத் தெரியும். பால் காய்ச்சச் சொன்னால்கூட பாத்திரத்தின் அடி கனமா என்பதிலிருந்து ஆரம்பிக்கிற ஆள் நீங்கள். இவ்வளவு பெரிய சரிவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறக்கிற ஆளும் இல்லை, அதை நீங்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வீர்கள். அப்படியானால் வேண்டுமென்றுதான் விட்டிருக்கிறீர்கள்.

இறங்கினேன். ஒவ்வொரு பெட்டியாகப் போய்க் குழாயை மாட்டினேன், வால்வைத் திறந்தேன். கடைசிப் பெட்டியின் பின்பக்க வால்வை மட்டும் மூடியே விட்டேன். அதைத் திறந்தால் காற்றெல்லாம் சீறிக்கொண்டு போய்விடும் என்று முதல் வாரமே பட்டுத் தெரிந்துகொண்டேன். போனஸ் போயிற்று. ஊர்ந்து ஊர்ந்து இறங்கித் துறைமுகம் போய்ச் சேர்ந்தேன். அக்கா வந்து, "என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே? ரயில் கவுந்துடுச்சா?" என்றாள். "இல்லக்கா, கவுழல" என்றேன். "அதுக்கு ஏன்டி அழுவுறே?" என்றாள். அழுவது அவள் சொல்லித்தான் தெரிந்தது.

அப்போதும் உங்களைத் திட்டி எழுதவில்லை. விட்டுப்போனது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். 'அடடா, சரிவைச் சொல்ல விட்டுவிட்டேன்' என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். பொய் என்று தெரிந்தாலும் எடுத்துக்கொண்டிருப்பேன். கரகண்டாவுக்கு டிக்கெட் எடுத்திருப்பேன்.

அது பொம்மை எஞ்சின், பள்ளத்தில் விழுந்தால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது, தெரியும். ஆனால் நான் விழுந்திருந்தால்தான் நம்பியிருப்பீர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே. விழாமல் வந்ததால் நான் பொய்க்காரி. கல்யாணம் ஆனபோது யார் என்ன சொன்னாலும் சரி என்று நம்புகிற பெண்ணாகத்தான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். இப்போது நீங்கள் எழுதிய ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு எங்கே குழி இருக்கிறது என்று தேடிப் பார்க்கிறேன், தேடினால் குழி இருக்கிறது. ஒவ்வொரு வால்வாகப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்றால், அது ரயிலுக்குச் சரி. ஒரு வீட்டில் என்னால் அப்படி இருக்க முடியாது.

என்ன வேண்டும் என்று கேட்டீர்கள். நேரான பதில்: பக்கத்தில் ஒரு நாற்காலி வேண்டியிருந்தது. இனி வேண்டாம்.

ஒப்பந்தத்தில் நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மாடி அறைக்குச் சனிக்கிழமை போகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜவ்ரேஷ்


கரகண்டா,
மார்ச் 19

ஜவ்ரேஷுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பல தடவை எழுதி அழித்தேன்.

சரிவைப் பற்றி முன்பே எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். கிளம்பும் முன் காற்று முழுதாக நிரம்பியிருக்கிறதா என்று அழுத்தமானியின் முள்ளைப் பார். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே பிரேக்கைக் கொஞ்சம் போடு; வேகம் வந்த பிறகு போட்டால் பிடிக்காது. அடிக்கடி போட்டுப் போட்டுத் தளர்த்தாதே, காற்று தீர்ந்துவிடும். இரண்டாவது வளைவில் பாதை இடப்பக்கம் சாய்ந்திருக்கும், அங்கே மட்டும் இன்னும் மெதுவாக. இப்படிப் போனால் எட்டுப் பெட்டி என்ன, இருபது பெட்டியையும் இறக்கலாம். இதில் நான் ஒன்றையும் விடவில்லை. வேண்டுமானால் யாரிடம் காட்டியும் சரிபார்த்துக்கொள்.

நீயே திறந்தாய் என்பதை நம்பலாம் என்றுதான் தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை குவாரியில் இருப்பேன். இந்தத் தடவை என் சொந்தப் பெயரில், விளக்கைப் போட்டுக்கொண்டு. நீ முன்னால் இரு. நான் பின்னால் வருகிறேன். ஹாரன் அடித்தால் போதும் என்று நீதான் எழுதியிருந்தாய். ஒப்பந்தம் போட்டவர்கள் நவுரீஸுக்கு ஊருக்கு வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நான் கஞ்சி வைக்கக் கோதுமை வாங்கி வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதைத் தீர்த்துவிட்டால் வேறு எதையும் கேட்க மாட்டேன். கடைசிப் பெட்டியின் பின்பக்க வால்வை மூடி வைக்க வேண்டும் என்பதை நான் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை, எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டேன். பட்டுத் தெரிந்துகொண்டேன் என்கிறாய். என் மாலை வகுப்புப் பிள்ளைகள் அதைக் கற்றுக்கொள்ள ஒரு பருவம் முழுதும் ஆகிறது. உண்மையைச் சொல். யார் சொல்லிக் கொடுத்தது?

கைரொல்லா